சைனாச் சாமான் மோசமா, ஓடர் கொடுத்தவர் மோசமா?

செங்கலடியில் இருந்து ஒரு வாசகர், 2025 பெப்ரவரி 18

சீனாவோடு கொடுக்கல் வாங்கல் வைத்த நாடு எதுவும் உருப்பட்டதில்லை என்பது என் அபிப்பிராயம். துறைமுகம் போனது, நாடு கடனில் விழுந்தது, பசளை என்று குப்பையைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். கடையில் வாங்கும் சைனாச் சாமான் ஒரு போகம் தாங்குவதில்லை. இந்தியாவிடம் வாங்கலாம், ஜப்பானிடம் வாங்கலாம். ஏன் இன்னும் இவர்களிடமே போய் நிற்கிறோம்? யாராவது நியாயம் சொல்லுங்கள்.

பெப்ரவரி 18, இரவு

நியாயம் சொல்ல நான் சரியான ஆள் இல்லை. களுவாஞ்சிகுடிப் பக்கம் விவசாயச் சாமான் கடை வைத்திருக்கிறேன், கடையில் முக்கால்வாசி சைனா, பக்கச்சார்பு இருக்கத்தான் செய்யும். ஆனாலும் ஒரே மூச்சில் மூன்று வழக்கைப் போட்டுவிட்டீர்கள். துறைமுகம் வேறு, பசளைக் கப்பல் வேறு, பம்ப் வேறு. மூன்றிலும் குற்றவாளி ஒரே ஆள் என்று தீர்ப்பையும் எழுதிவிட்டு நியாயம் கேட்டால் எப்படி? எனக்குத் தெரிந்தது பம்ப். நாளைக்கு எழுதுகிறேன்.

பெப்ரவரி 19

காத்தான்குடியில் இருந்து சீனா போய்ச் சாமான் எடுத்து வரும் வியாபாரிகள் நிறைய. அப்படி ஒருவரோடு நானும் யீவூவுக்குத் தொற்றிக்கொண்டு போயிருக்கிறேன். செஜியாங் மாகாணத்தில் இருக்கும் சந்தை நகரம் அது. பொத்தானில் இருந்து மின்மோட்டார் வரை எல்லாம் கட்டடம் கட்டடமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், நடந்து முடியாது. பள்ளிவாசலும் ஹலால் சாப்பாட்டுக் கடைகளும் இருப்பதால் நம்மூர் முஸ்லிம் வியாபாரிகளுக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை.

ஒரு கடையில் பயிருக்குப் பூச்சி எண்ணெய் அடிக்கும் பற்றரி மெசின் பார்த்தோம், முதுகில் மாட்டும் 16 லீற்றர் டாங்கி. கடைக்காரப் பெண் மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். மூன்றும் ஒரே நீலம், ஒரே ஸ்டிக்கர். நான் காக்கா (அண்ணன்) என்று கூப்பிடும் அந்த வியாபாரி கல்குலேட்டரில் ஒரு விலையை அடித்துக் காட்டினார், அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் முதலாவதைக் கீழே இறக்கினார். இன்னும் குறைத்து அடித்தார், இரண்டாவதும் இறங்கியது. மிஞ்சியதைத் தூக்கினேன், கையில் பாரமே தெரியவில்லை. பற்றரி சின்னது, ஸ்டிக்கரில் இருந்த எண் மட்டும் பெரிய பற்றரியுடையது. "காக்கா, இது ஒரு போகம் தாங்காதே" என்றேன். "ஊரில் ஆயிரம் ரூபா கூடச் சொன்னால் உங்கட ஆக்கள் பக்கத்துக் கடைக்குப் போயிருவாங்க தம்பி" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் போய்விடுவார்கள்தான்.

இதுதான் என் கட்சி. அங்கே முதலாவது மெசினும் இருந்தது. அதைச் செய்தவனும் சீனாக்காரன்தான். கடைசியை எடுத்தது நாம்.

பெப்ரவரி 19, பின்னேரம்

தண்ணீர் மோட்டாரும் இதே கதைதான். கல்முனையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ஒருவர் எரிந்துபோன மோட்டாரைத் திறந்து காட்டினார். உள்ளே கம்பி பார்வைக்குச் செம்புதான், பிளேட்டால் சுரண்டினால் வெள்ளை வெள்ளையாக அலுமினியம். அலுமினியம் பாவிப்பது களவு இல்லை, விலை குறைவு, சூடு தாங்குவதும் குறைவு, கிணற்றில் தண்ணீர் வற்றிய பிறகும் மோட்டாரை ஓட விடுகிறவர்களுக்கு அது சரிவராது. வாங்கும்போது ஆளுக்கு இதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் செம்பு என்று விற்பதுதான் களவு, அந்தக் களவு இங்கே நடக்கிறது, இந்தக் கரையில்.

பெப்ரவரி 20

ஜப்பான் பெயர் போட்ட எஞ்சின் மட்டும்தான் வாங்குவேன் என்று எழுதிய வாழைச்சேனைத் தம்பிக்கு: நல்லது, ஆனால் பெட்டியைத் திருப்பி எங்கே செய்தது என்று வாசித்துவிட்டு வாங்குங்கள். ஜப்பான் பெயர் உள்ள சின்ன எஞ்சின்களில் பல தாய்லாந்தில் செய்தவை, சில சீனாவில் செய்தவை. அவை நல்ல எஞ்சின்கள், நானே விற்கிறேன். ஜப்பான் கம்பனி தன் ஆளை நிறுத்தித் தரம் பார்த்து வாங்குகிறது, நாம் கல்குலேட்டரை நிறுத்தி வாங்குகிறோம்.

பெப்ரவரி 23

பசளைக் கப்பல். கேள்வி கேட்டவர் விடமாட்டேன் என்கிறார், சரி.

2021 ஏப்ரல் கடைசியில் இரசாயனப் பசளைக்குத் தடை என்று அறிவிப்பு வந்தது, மே மாதத்தோடு இறக்குமதி நின்றது. அந்த வருடம் பெரும்போகத்துக்கு நாடு முழுக்க சேதனப் பசளை வேண்டும் என்றால் அது எங்கே இருக்கிறது? மாட்டுப்பட்டியிலா? அவசரத்தில் சீனாவின் சிங்டாவோ சீவின் கம்பனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். மாதிரியைச் சோதித்த நம் தாவரத் தனிமைப்படுத்தல் பிரிவு எர்வினியா என்ற பக்டீரியா இருக்கிறது என்றது, கம்பனி இல்லை என்றது. அதற்குள் ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பல் 20 ஆயிரம் தொன்னை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டது. நீதிமன்றம் போய்ப் பணத்தை நிறுத்தினார்கள், பதிலுக்குச் சீனத் தூதரகம், பணம் கட்ட வேண்டிய நம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. முடிவில் 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலர் கட்டினோம். பசளை ஒரு பிடி கூட இறங்கவில்லை.

இதில் சீனாக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லவில்லை. சோதனையில் தவறிய சாமானைக் கடலில் சுற்ற விட்டு, பெரிய நாடு என்ற தோரணையில் வங்கியை மிரட்டியது சின்ன வேலை. ஆனால் கப்பல் ஏறுவதற்கு முன் மாதிரி தேற வேண்டும் என்பதை நம் பக்கம் யார் இறுக்கிப் பிடித்தார்கள்? அப்புறம், தடையைப் போட்டது பெய்ஜிங் இல்லை, கொழும்பு.

அந்த மாரி எங்கள் வயல் வட்டையில் பயிர் வயதுக்கு வந்தும் மஞ்சள் மாறவில்லை, கதிர் விரலளவுக்கு மேல் நீளவில்லை. நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குப் பிறகு யூரியா கண்ணால் காணக் கிடைக்கவில்லை, கிடைத்தவன் 50 கிலோ மூட்டைக்கு முப்பதாயிரத்துக்கு மேல் கொடுத்தான். படுவான்கரையில் இருந்து ஒரு பெரியவர் என் கடைக்கு வந்து "மனே, அரை மூட்டையாவது பார்த்துத் தா" என்று கேட்டுக்கொண்டு நின்றார். கடையில் இருந்தது வெறும் மூட்டைச் சாக்குகள்.

பெப்ரவரி 24

முதல் நாள் "கப்பல் வேறு, பம்ப் வேறு" என்று எழுதியதை மேலே போய் வாசித்தேன். அவ்வளவு வேறு இல்லைப் போல இருக்கிறது.

மார்ச் 1

லண்டனில் இருக்கும் அண்ணன் ஒருவர், கடனைக் கட்ட முடியாததால் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனா பறித்துக்கொண்டது என்று எழுதியிருக்கிறார். எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். நடந்தது கொஞ்சம் வேறு. 2017இல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்து 112 கோடி டொலர் வாங்கினார்கள். அந்தப் பணம் துறைமுகக் கடனைத் தீர்க்கப் போகவில்லை. டொலர் கையிருப்புக்குப் போனது. துறைமுகத்துக்கு வாங்கிய சீனக் கடன் அப்படியே அரசாங்கத்தின் தலையில் இருந்தது. அதாவது வீட்டையும் குத்தகைக்குக் கொடுத்தாயிற்று, வீட்டுக் கடனும் நிற்கிறது. பறித்தது என்ற கதையை விட இது மோசம், ஆனால் வேறு விதமான மோசம். 2022 ஏப்ரலில் கடன் கட்ட மாட்டோம் என்று கையை விரித்தபோதும் வெளிநாட்டுக் கடனில் பெரிய பங்கு சீனாவுடையது இல்லை, மேற்குச் சந்தைகளில் விற்ற டொலர் முறிகளுடையது, அதாவது கடன் பத்திரங்களுடையது.

சரி, அம்பாந்தோட்டை தூரம். ஒலுவில் பக்கத்தில்தானே? அக்கரைப்பற்றுக்குப் போகும் வழியில் இறங்கிப் பாருங்கள். டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்த துறைமுகம். சீனாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வாய் மணல் மூடிப் படகு உள்ளே வர முடியாமல் போனது, வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கடல் தென்னைகளை வேரோடு இழுத்துக்கொண்டு போகிறது. வட்டி இல்லாத கடன் என்று அன்றைக்கு என்ன பெருமை பேசினார்கள். மணல் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒலுவில் மீன்காரரில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

மார்ச் 1, பிறகு

டென்மார்க்கின் கடன்பொறி என்று யாராவது கட்டுரை எழுதினால் எனக்கும் அனுப்புங்கள்.

மார்ச் 6

"எந்த நாடும் உருப்பட்டதில்லை" என்ற வசனத்துக்குத் திரும்பி வருகிறேன். 1952 தெரியுமா? கொரியப் போர் நேரம், உலகத்தில் அரிசி விலை ஏறிவிட்டது, நம் இறப்பர் விலை விழுந்துவிட்டது. கூப்பனுக்குக் கொடுக்கும் ரேஷன் அரிசிக்கு நாடு திண்டாடியது. வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க பெய்ஜிங் போய் ஒப்பந்தம் எழுதினார்: வருடத்துக்கு அவர்கள் 2 இலட்சத்து 70 ஆயிரம் தொன் அரிசி, நாங்கள் 50 ஆயிரம் தொன் இறப்பர். அவர்களின் அரிசி சந்தையை விட மலிவு, நம் இறப்பருக்கு அவர்கள் கொடுத்தது சந்தையை விடக் கூட. ஐக்கிய நாடுகள் தடை இருந்ததால் சீனாவுக்கு இறப்பர் விற்க வேறு ஆள் இல்லை, அதனால் வந்த பேரம். அமெரிக்காவுக்குக் கோபம் வந்து உதவியை வெட்டியது. அரசாங்கமோ இடதுசாரி இல்லை, யூ.என்.பி., அதாவது ஐக்கிய தேசியக் கட்சி. சீனாவோடு தூதரக உறவே 1957இல்தான் வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பித்து முப்பது வருடம் ஓடியது.

அப்பா கூப்பன் கடையில் வரிசையில் நின்ற கதையைச் சொல்லும்போது சீனத்து அரிசிக்கு ஒரு வாடை இருந்தது என்பார். வாடை இருந்தாலும் பானையில் ஏறியது.

அந்தப் பேரத்தில் நாம் கெஞ்சவில்லை. கையில் அவர்களுக்கு வேண்டிய ஒரு சாமான் இருந்தது. இன்றைக்கு அவர்களுக்கு நாம் விற்பது தேயிலை, தும்பு, கொஞ்சம் உடுப்பு. வாங்குவதோடு பார்த்தால் அது கடலில் கரைத்த பெருங்காயம். சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் என்று 2014இல் பேச்சுத் தொடங்கி இன்னும் முடிந்தபாடில்லை. முடிந்தால் நமக்கு நல்லதா என்றும் எனக்குச் சந்தேகம், தீர்வை இல்லாமல் விற்க முதலில் விற்கச் சாமான் வேண்டும்.

மார்ச் 7

இறப்பர் விளைந்தது தெற்கிலும் மேற்கிலும்தானே, மட்டக்களப்புக்கு என்ன என்று கேட்டவருக்கு: ஒன்றும் இல்லை. நமக்கு வந்தது கூப்பன் மட்டும். 2022இல் பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குச் சீனா அரிசி அன்பளிப்புச் செய்ததே, நெல் விளையும் அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் பிள்ளைகள் அந்தச் சோற்றைத் தின்ன வேண்டி வந்ததே, எனக்கு அதுதான் உறைத்தது.

மார்ச் 15

மருதமுனைக் காக்கா எழுதியிருப்பதை எல்லோரும் வாசியுங்கள். நான் வாசித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை.

அவர் சொல்வதன் சுருக்கம்: "ஓடர் கொடுப்பவன் கையில் இருக்கிறது என்று நீங்கள் கடைக்காரர் பேசலாம், நெசவுகாரன் யாருக்கு ஓடர் கொடுப்பது?" மருதமுனையில் ஒரு காலம் தெருவுக்குள் நுழைந்தாலே தறிச் சத்தம் கேட்கும். இப்போது விசைத்தறியில் அடித்த சாரம் (லுங்கி) பாதி விலையில் வருகிறது, அதில் சிலதுக்கு மருதமுனை என்று லேபலும் ஒட்டி விற்கிறார்கள். அவர் ஒரு சோதனை சொன்னார், நான் வீட்டில் இருந்த சாரங்களை எடுத்துப் பார்த்தேன்: கைத்தறியில் ஓரம் நூல் பிடித்தாற்போல் நேராக இராது, ஊடுநூல் ஒரு இடத்தில் நெருக்கமாகவும் ஒரு இடத்தில் கொஞ்சம் இளக்கமாகவும் விழுந்திருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். மெசினில் அடித்தது எங்கே பிடித்தாலும் ஒரே மாதிரி. நான் மருதமுனைச் சாரம் என்று கட்டிக்கொண்டு திரிந்த ஒன்று இந்தச் சோதனையில் தேறவில்லை.

அவரின் இரண்டாவது கேள்வி இன்னும் கடினம். 2025க்கான பள்ளிச் சீருடைத் துணி முழுவதும் சீன அன்பளிப்பு. என் மகளுக்கும் கிடைத்தது, நல்ல துணி, மனைவி தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், நானும்தான். டொலர் இல்லாத நாட்டுக்கு அது சின்ன உதவி இல்லை. ஆனால் இங்கே துணி நெய்து வயிறு வளர்க்கும் ஒருவர் இலவசத்தோடு எந்த விலையில் போட்டி போடுவது? இதில் என் கல்குலேட்டர் கதை செல்லாது. யாரும் விலை பேசவில்லை, கடைசித் தரத்தை எடுக்கவும் இல்லை, நல்ல தரம் சும்மா வந்தது, அடி விழுந்தது.

அவருக்குப் பதில் என்னிடம் இல்லை.

மார்ச் 16

"சீருடை கைத்தறியில் நெய்கிறவர் யார், சும்மா உணர்ச்சிவசப்படாதீர்கள்" என்று ஒரு குறிப்பு வந்திருக்கிறது. சரி, சீருடை மருதமுனைத் தறியில் இருந்து வந்ததில்லைதான். காக்கா சொல்வது அந்தத் துணியை மட்டும் இல்லை. துணி என்றால் வெளியில் இருந்து வருவது என்று பிள்ளைக்கு ஆறு வயதிலேயே பழகிவிடுகிறது என்கிறார்.

மார்ச் 22

வாவி மீன்காரர் பக்கம் யாரும் பேசவில்லை. தங்கூசி வலை, அதாவது ஒற்றை நைலோன் இழையில் பின்னிய வலை, தடை செய்யப்பட்டது. ஆனாலும் வாவியில் விழுகிறது. மலிவு, தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது, குஞ்சு மீன் வரை அரித்துக்கொண்டு வரும். அறுந்தால் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். இதுவும் சைனா வலை என்று திட்டுகிறோம். தடை செய்த சாமான் கொள்கலனில் சுங்கத்தைத் தாண்டி எப்படிக் கடைக்கு வருகிறது என்று மட்டும் கேட்பதில்லை. என்னிடமும் கேட்டு வந்தார்கள், நான் வைக்கவில்லை. பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்றும் சொல்லவில்லை, ஆனால் அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.

மார்ச் 22, இரவு

உள்ளியைப் பற்றிக் கேட்டவருக்கு: ஓம், குழம்பில் போடும் உள்ளியும் பெரும்பாலும் சைனாதான். அதைப் புறக்கணிக்கப் போவதாக இருந்தால் முதலில் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 5

பேச்சு அமெரிக்கா பக்கம் திரும்பிவிட்டது, திரும்பத்தான் வேண்டும். ஏப்ரல் 2இல் டிரம்ப் இலங்கைச் சாமானுக்கு 44 வீத வரி என்று அறிவித்துவிட்டார். இனி அமெரிக்கா நல்லவர், சீனா கெட்டவர் என்று எழுதியவர்கள் என்ன செய்வார்களோ.

நம்மூர்ப் பிள்ளைகளும் பஸ் ஏறி கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறார்கள். அங்கே தைக்கும் துணியில் பெரிய பங்கு சீனாவில் இருந்து வருகிறது, தைத்த உடுப்பில் பெரிய பங்கு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. நடுவில் நம் பங்கு வெட்டுவதும் தைப்பதும் பெட்டியில் போடுவதும். ஆகவே "சீனாவா அமெரிக்காவா, ஒன்றைத் தெரிவு செய்" என்று ஒரு தம்பி எழுதுவது எனக்கு விளங்கவில்லை. ஒருவர் துணி தர வேண்டும், மற்றவர் உடுப்பு வாங்க வேண்டும். இரண்டில் எது நின்றாலும் அந்த பஸ் நிற்கும்.

ஏப்ரல் 11

வரி 90 நாள் தள்ளிப் போயிருக்கிறது. சீனாவுக்கு மட்டும் 145 வீதமாம். அமெரிக்காவுக்குப் போக முடியாத சாமான் எல்லாம் மலிவு விலையில் நம் பக்கம் கொட்டும் என்று கொழும்பு மொத்தக் கடைக்காரர் ஒருவர் சந்தோஷமாகத் தொலைபேசியில் சொன்னார். எந்தத் தரம் என்று கேட்டேன். சிரித்தார்.

ஏப்ரல் 19

மின்சாரக் கார் பற்றி நான்கு பேர் எழுதிவிட்டீர்கள். வாகன இறக்குமதி ஐந்து வருடத்துக்குப் பிறகு பெப்ரவரியில்தான் திறந்தது, அதற்குள் சீனக் கார் கல்லடிப் பாலத்தில் ஓடத் தொடங்கிவிட்டது. பழைய ஜப்பான் கார் வைத்திருக்கும் என் மச்சான் அதைப் பார்த்து "சைனாக் கார், இரண்டு வருடம்" என்று கையை விரித்தார். அவரின் தகப்பன் முதன்முதலில் ஜப்பான் கார் வந்தபோது "இங்கிலீஷ் கார் மாதிரி வருமா, தகரம்" என்று சொன்னதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். கோபம். ஆனாலும் பற்றரி பழுதானால் மட்டக்களப்பில் யார் பார்ப்பது என்று அவர் கேட்டதற்கு நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மே 4

இனிக் கொள்கை போதும். வவுணதீவில் இருந்து ஒருவர் நேரடியாகக் கேட்டிருக்கிறார்: சிறுபோகத்துக்கு ஆற்றில் இருந்து இறைக்க இரண்டு அங்குலப் பம்ப், கையில் அவ்வளவு காசு இல்லை, எதை எடுப்பது?

எந்தக் கடையில் எடுத்தாலும் இதைச் செய்யுங்கள். முதலில் கையால் தூக்குங்கள், ஒரே அளவில் பாரம் குறைந்ததைத் திருப்பிக் கீழே வைத்துவிடுங்கள். கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள், ஒரு இடத்தில் இறுக்கிப் பிடித்து விட வேண்டும், லேசாக வந்தால் அமுக்கம் இல்லை. பம்ப் மூடியைக் கழற்றி உள்ளே தண்ணீரைத் தள்ளும் சில்லு இரும்பா அலுமினியமா என்று பார்க்க விடச் சொல்லுங்கள், விடமாட்டேன் என்கிற கடையில் இருந்து வந்துவிடுங்கள். ஓயில் ஊற்றாமல் ஸ்டார்ட் பண்ண வேண்டாம், பெட்டியில் ஓயில் இல்லாமல்தான் வரும், இதனாலேயே முதல் நாளில் எஞ்சின் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு, பிறகு சைனா சரியில்லை என்பார்கள். உதிரிப்பாகம் இங்கேயே கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

காசு இல்லை என்றால் புதிதே வேண்டாம். பழையதைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். தண்ணீர் ஒழுகுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது பெரும்பாலும் சீல்தான். மாற்றினால் இந்தப் போகம் ஓடிவிடும். சீல் என்னிடம் இருக்கிறது. அதுவும் சைனாதான், ஆனால் யீவூ மேசையில் இருந்த முதலாவது மாதிரித் தரம்.